பியூலாவின் காலும் என் ஜெப நோட்டும்

போன திங்கட்கிழமை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற காலை பாசஞ்சரில் நடந்தது இது.

வழக்கம்போல ஜன்னலோர சீட். மடியில் நோட்டு, கையில் பேனா. எதிர் சீட்டில் ஒரு மல்லாட்டை வியாபாரி — வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வளவனூர்ப் பக்கத்து ஆள், திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் பக்கத்திலிருந்தவரோடு அவர் பேசிக்கொண்டு வந்ததில் தெரிந்தது. முண்டியம்பாக்கம் வரை என்னைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டியில் வண்டி நின்றதும் அவரால் முடியவில்லை.

"ஏம்மா, ஏறினதிலேர்ந்து எழுதிக்கினே வர்றீங்களே... கோர்ட்டு வேலைங்களா?"

இல்லைங்க, ஜெபம் எழுதுகிறேன் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "எழுதித்தான் குடுக்கணுமா? வாயால சொன்னா உங்க சாமிக்குக் காது கேக்காதா?"

பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். நானும்தான். கேள்வியில் என்ன தப்பு? கடவுளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. எனக்குத்தான் நான் சொல்வது கேட்பதில்லை — அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் இதை மயிலம் வருவதற்குள் ஒரு மல்லாட்டை வியாபாரிக்கு எப்படி விளக்குவது? உங்களிடம் என்றால் ஒரு பக்கம் முழுக்க இடம் இருக்கிறது. அதனால் இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்கு வேலை திண்டிவனம் கோர்ட்டில், டைப்பிஸ்ட். வீடு விழுப்புரத்தில். வீட்டுக்காரர் தேவராஜ், ரயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் லோகோ ஷெட்டில் பிட்டர். ஒரே பெண், பியூலா. அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மருந்து கொடுத்தோம். காய்ச்சல் விட்டது. மறுநாள் பிள்ளையைத் தரையில் நிறுத்தினேன். இடது கால் மடங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பவும் நிறுத்தினேன். திரும்பவும் அப்படியே.

போலியோ.

அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்கள். ஆராதனை, காணிக்கை, வந்ததும் கறிக்குழம்பு — அவ்வளவுதான். பியூலாவுக்கு இப்படி ஆன பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். வெள்ளிக்கிழமை உபவாசம். விடியற்காலையில் முழங்கால் ஜெபம். கடலூர், வேலூர் என்று எங்கே சுகமளிக்கும் கூட்டம் நடந்தாலும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் கூடப் போவேன். மேடைக்கு முன்னால் வரிசையில் நிற்போம். பிரசங்கியார் பிள்ளையின் தலையில் கை வைப்பார். சுற்றிலும் ஸ்தோத்திரம் என்று குரல் எழும்பும். பியூலா மிரண்டு போய் அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்வாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் அந்தக் காலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வருவார். ஏதாவது அசைகிறதா, கொஞ்சமாவது சூடு வந்திருக்கிறதா என்று பார்ப்பார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கால் பழையபடி வராது. காலிப்பர் என்று இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, காலில் மாட்டினால் நடப்பாள். தள்ளிப் போடாதீர்கள், குதிகால் நரம்பு இறுகிவிடும் என்றார்.

தேவராஜ் வேண்டாம் என்றுவிட்டார்.

"சுகம் குடுன்னு கேட்டுக்கினு இருக்கிறப்ப இரும்பு வாங்கினா, நான் கேட்டதுக்கு என்னா அர்த்தம்? நீ குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்னு சொல்ற மாதிரி ஆவாதா?"

கெட்ட மனிதர் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர். டியூட்டி முடிந்து எந்நேரம் வந்தாலும் எண்ணெய் தேய்த்து அந்தக் காலை நீவிவிடாமல் சாப்பிட உட்கார மாட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், உங்கள் விசுவாசம் பிள்ளைக்குத் தடையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதைச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? அவராவது முழங்காலில் நின்று ஒரு மணி நேரம் ஜெபிப்பார். நான் கண்ணை மூடினால் பால் பொங்குகிற ஞாபகம் வரும், டைப் அடிக்காத தீர்ப்பு ஞாபகம் வரும்... ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன்.

இந்த நேரத்தில்தான் ரயிலில் கமலா பழக்கமானாள். திண்டிவனத்தில் ஸ்கூல் டீச்சர்; என் வயசுதான். தினமும் எதிர் சீட்டில் உட்கார்ந்து, வண்டி கிளம்பியதும் ஒரு நோட்டை எடுத்து ஸ்ரீராமஜெயம் எழுத ஆரம்பிப்பாள். பக்கம் பக்கமாக. ஒரு நாள் கேட்டேவிட்டேன் — ஒரே வார்த்தையை இப்படி எழுதினால் மனசு நிற்கிறதா?

அவள் சிரித்தாள். "எங்க நிக்குது கிரேஸ்? அது எங்கியோ போவும். கை மட்டும் இங்கியே இருக்கும். கொஞ்ச நேரத்துல மனசு கையைத் தேடிக்கினு வந்துரும்."

அவள் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸில் என்ன என்று கேட்டால் சொல்வாளே, அந்த மாதிரிதான் சொன்னாள். ஆனால் எனக்கு அது பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

மறுநாள் முதல் எதிரும் புதிருமாக இரண்டு பேரும் எழுதினோம். அவள் அவளுடைய சாமிக்கு. நான் என்னுடைய ஆண்டவருக்கு. டிக்கெட் பரிசோதகர் எங்களைப் பார்த்து, பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறதே என்பார்.

முதல் பக்கங்களை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நாள் முழுக்க மனு அடிக்கிறவள் ஜெபம் எழுதினால் எப்படி இருக்கும்? 'ஆகவே தேவரீர் தயவுகூர்ந்து மேற்படி குழந்தையின் இடது காலை...' என்று போகிறது. கீழே கையெழுத்து போடாத குறைதான்! பதில் வரவில்லை. வாய்தா மேல் வாய்தா. கோர்ட்டிலாவது அடுத்த வாய்தா எப்போது என்று சொல்வார்கள்.

விடாமல் எழுதினேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். உண்மை அப்படி இல்லை. சில நாள் ஒரே வரி: 'இன்று ஒன்றும் தோன்றவில்லை. ஆமென்.' சில நாள் கோபம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடுவதைப் பார்த்த அன்று எழுதியதை இங்கே எழுத முடியாது. மழையில் வண்டி தாமதமான ஒரு நாள், பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து ஏன், ஏன், ஏன் என்று பக்கத்தின் அடிவரை எழுதியிருக்கிறேன். கமலாவின் ராமஜெயம் மாதிரியே இருக்கிறது, வார்த்தைதான் வேறு.

ஆனால் ஒன்று — வண்டி ஏறினால் நோட்டைத் திறப்பது என்று ஆகிவிட்டது. மனசு எங்கே போனாலும் கை அங்கேயே இருந்தது.

கிறிஸ்துமஸ் சமயம். கோர்ட்டுக்கு விடுமுறை. நோட்டு முடிந்திருந்தது. புது நோட்டு தொடங்குவதற்கு முன்னால், என்னதான் எழுதியிருக்கிறோம் என்று மத்தியானம் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். படித்து முடித்தபோதுதான் தெரிந்தது.

அந்த நோட்டில் என் மகள் இல்லை. ஒரு கால்தான் இருந்தது.

இடது கால், இடது கால், இடது கால். அவள் என்ன பேச ஆரம்பித்தாள்? எதற்குச் சிரித்தாள்? எந்தப் பாட்டுக்குக் கை தட்டினாள்? எதுவும் இல்லை. ஒரு தாய் மாதக்கணக்கில் தன் பிள்ளைக்காக ஜெபித்திருக்கிறாள்; அந்த ஜெபத்தைப் படிக்கிறவருக்கு அந்தப் பிள்ளையின் முகம்கூடத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும், சரி. எனக்குத் தெரிந்திருந்ததா?

புது நோட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கேட்பதற்கு முன்னால், நேற்று அவளிடம் பார்த்த ஒன்றை எழுதுவது. அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? முதல் வாரம் எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. காலையில் அவள் எழுவதற்குள் நான் ஓடுகிறேன். இருட்டுகிற நேரத்தில் திரும்புகிறேன். பகலில் என் நாத்தனார்தான் பார்த்துக்கொள்வாள். எழுதுவதற்காகவே பார்க்க ஆரம்பித்தேன். கேப்பைக் கூழில் வெல்லம் போட்டால்தான் குடிக்கிறாள். பூனையிடம் மரியாதையாக, வாங்க போங்க என்று பேசுகிறாள். கோபம் வந்தால் அப்பா மாதிரியே மூக்கைச் சொரிகிறாள்... இப்படி.

அவளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் எனக்கு உடம்பு சரியில்லை, லீவு. எங்கள் தெருவிலேயே ஒரு ஆரம்பப் பள்ளி. முதல் மணி அடித்தது. பியூலா கையை ஊன்றி நகர்ந்து வாசலுக்குப் போனாள். கையில் ஒரு பழைய காலண்டர் அட்டை. நான் உள்ளே படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். தெருப் பிள்ளைகளின் பெயர்கள். "செல்வி... உள்ளேன் டீச்சர். முருகன்... உள்ளேன் டீச்சர்." எல்லாருக்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள், ஆளுக்கொரு குரலில்.

"பியூலா..." என்று கூப்பிட்டாள். கொஞ்சம் நிறுத்தினாள். "ஆப்சென்ட்" என்றாள். அட்டையில் விரலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

அழவில்லை, ஏங்கவில்லை. தினமும் செய்கிற வேலை மாதிரி செய்தாள். நாத்தனாரைக் கேட்டேன். ஆமாம் அண்ணி, மணி அடிச்சா போதும், இதான் விளையாட்டு என்றாள்.

மறுநாள் ரயிலில் இதை அப்படியே எழுதினேன். அதற்குக் கீழே வழக்கமான மனுவை எழுதப் போனேன். பேனா ஓடவில்லை. கடைசியில் வேறு ஒரு வரி எழுதினேன்: 'ஆண்டவரே, நான் என்ன செய்யட்டும்?'

அந்த 'ஏன்'களை விட்டால், நோட்டில் நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான்! கண் நிறைந்துவிட்டது. கமலா பார்த்தாள். தன் நோட்டை மூடி வைத்துவிட்டு, திண்டிவனம் வரும்வரை சும்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் தினமும் அதே கேள்வியை எழுதினேன். வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பத்திக்கு நன்றாக இருந்திருக்கும்... என்ன செய்வது?

வந்தது மூக்குக் கண்ணாடி.

ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். தேவராஜ் பைபிளைத் திறந்தார், கண்ணாடியைக் காணோம். வீடெல்லாம் தேடினோம். கடைசியில் அது டியூட்டிப் பையில் இருந்தது. மாட்டிக்கொண்டு வாசித்தார். மறுநாள் எழுத வேறு எதுவும் இல்லாததால் இதையே எழுதினேன்: 'கண்ணாடி கிடைத்த பிறகுதான் வேதம் வாசித்தார்.' எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேரணியில் வண்டி நின்றதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து பியூலா தூங்கிய பிறகு, அவரிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடப் போகவில்லை. நான் எழுதியதைக் கொஞ்சம் கேளுங்கள் என்றேன். கூழ், பூனை, மூக்குச் சொரிதல் எல்லாம் வாசித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு அந்த அட்டெண்டன்ஸ் பக்கத்தை வாசித்தேன்.

சிரிப்பு போய்விட்டது. "நெஜமாவா? ஆப்சென்ட்டுன்னு சொன்னாளா?"

சொன்னாள் என்றேன். பிறகு, இத்தனை வருஷமாக என் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன்.

"ஏங்க, நீங்க கண்ணாடி போட்டுக்கினுதான பைபிள் படிக்கிறீங்க. கண்ணு சரியாவற வரைக்கும் வேதம் வாசிக்க மாட்டேன்னு நீங்க உக்காரலையே. அதை யாரும் அவிசுவாசம்னு சொல்லலையே. அவளுக்கு மட்டும் ஏன்?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியில் துடைத்தார், திரும்ப மாட்டவில்லை. எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கே போனார் என்று இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. கை கால் கழுவிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவ ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்து, என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"பாண்டிக்குக் காலையில எந்த வண்டிக்குப் போனா டாக்டரைப் பாக்கலாம்?"

சொன்னேன்.

"நான் கேக்கிறதை நிறுத்த மாட்டேன் கிரேஸு."

"நிறுத்தச் சொல்லலைங்க. நானும்தான் கேட்டுக்கினு இருக்கேன்" என்றேன்.

இதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தாமதமாக வந்ததற்கு டாக்டர் திட்டினார். குதிகால் இறுகியிருந்தது. வாரக்கணக்கில் மாவுக்கட்டு, அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்கள். பிள்ளை அழுத அழுகையில், இதற்குத்தானா கேட்டோம் என்று எனக்கே தோன்றியது. அதையும் எழுதினேன். கடைசியில் காலிப்பர் வந்தது — தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு இரும்புப் பட்டை, தோல் வார், முழங்காலில் ஒரு பூட்டுக் கொக்கி. தேவராஜ் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கால் பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று குறை சொன்னார். வீட்டுக்கு வந்து தானே எண்ணெய் விட்டுச் சரிசெய்தார். நீராவி எஞ்சினைப் பார்க்கிற மனிதருக்கு, கடைசியில் அந்த இரும்போடும் பேச்சுவார்த்தை ஏற்பட்டுவிட்டது.

பியூலா விழுந்தாள். எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு சுவரை விட்டாள். ஆராதனைக்கு அவள் டக், டக் என்று நடந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வெளியே ஒரு அம்மா என்னிடம் வந்து, இன்னும் கொஞ்ச நாள் விசுவாசத்தோடு காத்திருந்திருக்கலாமே என்று சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

என்னை முந்திக்கொண்டு தேவராஜ் பதில் சொன்னார். "காத்துக்கினுதாம்மா இருக்கோம். அதுவரைக்கும் பிள்ளை ஸ்கூலுக்குப் போவட்டும்."

ஸ்கூலிலும் முதலில் தயங்கினார்கள். வாசலில் உயரமான படி. பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு என்றார்கள். ஒரு ஓய்வு நாளில் இவர் போய், அனுமதி வாங்கி, படியோரமாக ஒரு குழாயைக் கைப்பிடியாகப் பொருத்திவிட்டு வந்தார். ஜூன் மாதம் பியூலா அதைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அட்டெண்டன்ஸ் எடுப்பது வெளியே கேட்கும். அவள் பெயர் வரும்வரை நின்றுவிட்டுத்தான் அன்று நான் வேலைக்குக் கிளம்பினேன். காலை வண்டி எப்போதோ போயிருந்தது; பஸ்ஸில்தான் போனேன்.

சரி, கால் குணமானதா? நேராகவே சொல்லிவிடுகிறேன் — இல்லை. அன்றைக்கு இருந்தது போலவே மெலிந்துதான் இருக்கிறது. அப்படியானால் இத்தனை நோட்டு எழுதி என்ன கண்டாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

முன்பெல்லாம் ஜெபம் என்றால் அந்தப் பக்கம் ஒரு கவுன்ட்டர் இருப்பதாக நினைத்திருந்தேன். மனுவை நீட்ட வேண்டும், பதில் வர வேண்டும். விடாமல் போய்ப் போய் நின்றதில் ஒன்று புரிந்தது — அந்தப் பக்கம் இருப்பவர் என்னோடு உட்கார்ந்து பியூலாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்ப்பதை நானும் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. இதை விசுவாசம் வளர்ந்தது என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. பயம் குறைந்தது என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். முன்பு ஜெபிக்காத நாளில் தண்டனை வருமோ என்று பயப்படுவேன். இப்போது எழுதாத நாளில் பேச வேண்டிய ஒருவரிடம் பேசாமல் வந்துவிட்டது மாதிரி இருக்கிறது.

உங்களில் யாராவது ஆரம்பிப்பதென்றால், அழகான டைரி எல்லாம் தேட வேண்டாம். அழகான டைரியில் அழகான பொய்தான் வரும். கோடு போட்ட நோட்டு போதும். ஒன்றும் தோன்றாவிட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுதுங்கள். எப்போதாவது ஒருமுறை திரும்பப் படியுங்கள். அந்த இடத்தில்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

பியூலா இப்போது மூன்றாம் வகுப்பு. குடும்ப ஜெபத்தில் அவளுக்கும் ஒரு முறை உண்டு. தன் காலுக்காக அவள் ஜெபித்து நான் கேட்டதில்லை. அவளுக்கு வேறு அவசர வேலைகள் இருக்கின்றன. நேற்று மாலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஏசப்பா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை, டீச்சர் லீவு போடணும்; ஆனா அவங்க உடம்புக்கு ஒண்ணும் வரக்கூடாது, சும்மா லீவு" என்று வேண்டிக்கொண்டாள்.

நான் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்... சத்தமாக ஆமென் சொன்னது அவள் அப்பா!